101 பெண்களும் ஒரு சாப்பாட்டு மேசையும்: தெற்கு ஒன்ராறியோவில் மாதர் சங்கத்தைத் தேடி

செவ்வாய்: ஸ்ரோனி கிறீக்

ரொறொன்ரோவிலிருந்து நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஸ்ரோனி கிறீக்கைக் கடந்துதான் போகிறார்கள். இறங்குகிறவர்கள் குறைவு. கியூ.ஈ.டபிள்யூ. நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் சில நிமிடத்தில் நயாகராச் செங்குத்துச் சரிவு எழும்பி நிற்கும். ஹமில்ரன்காரர் அதை 'மவுன்ரன்' என்று பெருமையாகச் சொல்வார்கள். மலை பார்த்தவர்கள் சிரிக்கக்கூடாது. அதன் விளிம்பிலேயே ஓடுகிற றிட்ஜ் றோட்டில், 552ஆம் இலக்கத்தில், வெள்ளை மர வேலைப்பாடு தொங்கும் கூரையோடு ஒரு பண்ணை வீடு இருக்கிறது. ஏர்லன்ட் லீ அருங்காட்சியகம் அதுதான். கிராமத்துப் பெண்களுக்கான மாதர் சங்க இயக்கத்தின் கதை தொடங்கும் வீடு. 1808இல் மரக்குற்றிக் குடிலாகத் தொடங்கிப் பிறகு கட்டிக்கட்டிப் பெருத்த வீடு. ஒன்ராறியோ மாதர் சங்கச் சம்மேளனம் 1972இல் அதை வாங்கியது.

கதையின் திகதிகளைச் சரியாக வைத்துக்கொண்டு உள்ளே போனால் வீடு நன்றாகப் பேசும். 1896 டிசம்பரில் குவெல்ப் வேளாண்மைக் கல்லூரியில், பெண்களுக்கு மனையியல் கல்வி வேண்டும் என்று பாடுபட்ட ஹமில்ரன்காரர் அடிலெயிட் ஹன்ரர் ஹூட்லெஸ் பேசுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் இந்த வீட்டுக்காரர் ஏர்லன்ட் லீ. தெற்கு வென்ற்வேர்த் விவசாயிகள் சங்கத்துக்காரர். தங்கள் சங்கத்தின் 'பெண்கள் இரவு' கூட்டத்துக்கு அவரை அழைக்கிறார். 1897 பெப்ரவரி 12இல் நடந்த அந்தக் கூட்டத்துக்கு வந்த பெண்கள் 35 பேரளவில். ஆண்களுக்கு விவசாயச் சங்கம் இருக்கும்போது பெண்களுக்கு ஏன் இல்லை என்று ஹூட்லெஸ் கேட்கிறார். அடுத்த கிழமை திரும்பவும் கூடலாம் என்று முடிவாகிறது. பெப்ரவரி 19, ஸ்ரோனி கிறீக் ஸ்குவயர்ஸ் மண்டபம்: 101 பெண்கள், ஒரேயொரு ஆண். அந்த ஆண் ஏர்லன்ட் லீ. உலகின் முதல் மாதர் சங்கக் கிளை, 'விமன்ஸ் இன்ஸ்ரிரியூற்' என்று இன்று உலகம் அறிந்த அமைப்பு, அன்றிரவு பிறந்தது.

35 எப்படி ஒரே கிழமையில் 101 ஆனது? பெப்ரவரி, பனி, குதிரை வண்டி. ஏர்லன்டும் மனைவி ஜனற்றும் அயல் பண்ணைகளுக்கெல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மேடைப் பேச்சுக்குக் கிடைக்கிற புகழ் வீடு வீடாகப் போன கால்களுக்குக் கிடைப்பதில்லை. வழிகாட்டிகள் பெரும்பாலும் ஹூட்லெஸ்ஸிலிருந்து தொடங்குவார்கள். ஜனற் லீயைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேட்டால் சாப்பாட்டறைக்குக் கூட்டிப்போவார்கள். மடக்குப் பலகை வைத்த கறுப்பு வால்நட் மேசை. சங்கத்தின் முதல் யாப்பு இந்த மேசையில்தான் எழுதப்பட்டது, கையெழுத்து ஜனற்றுடையது. மணமாவதற்கு முன் அவர் பாலர் பாடசாலை ஆசிரியை. இந்தப் பயணத்தில் ஒரேயொரு பொருளைத்தான் பார்க்க முடியும் என்றால் இந்த மேசையைப் பாருங்கள்.

காரணம் இது. இயக்கம் பரவியதற்குப் பேச்சு மட்டும் போதாது. கிராமத்துக்குக் கிராமம் அப்படியே எடுத்து வைக்கக்கூடிய ஒரு பொறிமுறை வேண்டும். அது சின்னதாக, மலிவாக இருந்தது. வருடச் சந்தா 25 சதம். மாதம் ஒரு கூட்டம், பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டில். தலைவி, செயலாளர், பொருளாளர். கட்சி அரசியலும் மதப் பிரிவும் கூட்டத்துக்குள் வரக்கூடாது. மெதடிஸ்ற், பிரெஸ்பிற்றீரியன், ஆங்கிலிக்கன் என்று தேவாலயத்துக்கொரு மாதர் குழு ஏற்கெனவே இருந்த ஊர்களில், எல்லோரும் ஒரே மேசையில் இருக்கக் கிடைத்த முதல் இடம் இதுவாகத்தான் இருந்திருக்கும். ஊர்ச் சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை விளங்கும்.

கூட்டத்தில் பெயர் கூப்பிடும் முறையும் கெட்டித்தனமானது. பெயர் சொன்னதும் 'வந்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு இருந்துவிட முடியாது. முந்தின மாதமே ஒரு கேள்வி கொடுத்துவிடுவார்கள்: பழந்துணியில் கறை போக்க ஒரு வழி, குளிர்காலத்துக்கு முட்டை சேமிக்கும் முறை, இப்படி ஏதாவது. பெயர் கூப்பிடும்போது ஒவ்வொருவரும் ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டும். கூச்சப்படுகிறவரும் வாய் திறந்தாக வேண்டும். வாயாடியும் ஒரு வரியோடு நிறுத்தியாக வேண்டும். இருபது பேர் இருந்தால் பத்து நிமிடத்தில் இருபது குறிப்பு கையில். பிறகு கூட்டக் குறிப்பு, கணக்கு, கடிதங்கள், ஒரு செய்முறை விளக்கம், கடைசியில் தேநீர். தேநீருக்கு இத்தனை வகைக்கு மேல் பரிமாறக்கூடாது என்றும் பல கிளைகள் விதி வைத்திருந்தன. விதி இல்லாத இடத்தில் ஒருவர் கேக் இரண்டு வைப்பார், அடுத்தவர் நாலு வைப்பார், வசதியில்லாதவர் தன் முறை வருவதற்குள் நின்றுவிடுவார்.

அருங்காட்சியகத்துக்கு வருடம் முழுக்க ஒரே நேர அட்டவணை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முதலில் தொலைபேசியில் பேசி ஒழுங்கு செய்யுங்கள். குழுவாகப் போனால் கட்டாயம்.

பின்னேரம் நேரமிருந்தால் சரிவுக்குக் கீழே பற்றில்ஃபீல்ட் பூங்கா. 1813 ஜூன் 6இல் பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் சண்டை நடந்த இடம். அங்கிருக்கும் பழைய வீட்டை 1899இல் வாங்கிக் காப்பாற்றியதும் பெண்கள் அமைப்பு ஒன்றுதான்: வென்ற்வேர்த் மகளிர் வரலாற்றுச் சங்கம். ஆண்களோடு சேர்ந்திருந்த பழைய சங்கத்திலிருந்து பிரிந்து போய், தாங்களே பணம் திரட்டி வாங்கினார்கள். அங்கே நிற்கும் நினைவுக் கோபுரத்தை 1913இல், சண்டையின் நூற்றாண்டு நாளில், இங்கிலாந்து அரசி மேரி லண்டனில் ஒரு பொத்தானை அழுத்தித் திறந்து வைத்தார்.

புதன்: வினோனா

ஸ்ரோனி கிறீக்கிலிருந்து கிழக்கே பத்து நிமிடம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் சரிவு. நடுவில் ஒடுங்கிய பழத்தோட்ட நிலம், இப்போது வருடத்துக்கு வருடம் வீடுகளாகிக்கொண்டிருக்கிறது. ஏரி குளிரைத் தணிக்கும், சரிவு காற்றைத் தடுக்கும். அதனால்தான் பீச் பழம் இங்கே விளைகிறது. மாதர் சங்கத்தின் முதல் தலைவியாகத் தெரிவானவர் இந்த ஊர்க்காரர், கிறிஸ்ரினா ஸ்மித். கணவர் ஈ.டி. ஸ்மித் 1882இல் தொடங்கிய பழ வியாபாரம் பின்னர் ஜாம் நிறுவனமாகி, அந்தப் பெயர் கனடியக் கடை அலுமாரிகளில் இன்னும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கனடிய மாதர் சங்கங்கள் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து பிரித்தானியாவுக்கு ஜாம் காய்ச்சி அனுப்பின. ஆகவே இன்றைய குறிப்பு முழுக்க ஜாம். ஓகஸ்ற்றில் வந்தால் வீதியோரக் கடைகளில் கூடையோடு பழம் வாங்கலாம்; மாதக் கடைசியில் பீச் திருவிழாவும் நடக்கும்.

'றெட்ஹேவன்' என்று கேட்டு வாங்குங்கள். நன்றாகப் பழுத்தால் கொட்டை தானாகக் கழன்று வரும். வெள்ளைச் சதைப் பீச் வேண்டாம்: அதில் அமிலம் குறைவு, போத்தலில் அடைத்து வைப்பது பாதுகாப்பில்லை. இரண்டு கிலோ வாங்கினால் தோலும் கொட்டையும் போக ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தேறும். அடியில் சின்னச் சிலுவைக் கீறல் போட்டு, கொதிநீரில் முப்பது முதல் அறுபது செக்கன் விட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் தோல் கையோடு வரும். வராவிட்டால் பழம் காய். கத்தியால் சீவிப் பழத்தை வீணாக்காமல் இரண்டு நாள் விட்டுவையுங்கள்.

ஒன்றரைக் கிலோ சதைக்கு 1.1 கிலோ சீனி, 60 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு. பீச்சில் ஜாமை இறுகவைக்கும் பெக்ரின் குறைவு; சாறு அதற்குக் கைகொடுக்கும். கடையில் போத்தலில் விற்கும் சாறு நல்லது, அதன் புளிப்பு ஒரே அளவாக இருக்கும். சீனி முழுக்கக் கரைந்த பிறகுதான் அடுப்பைக் கூட்ட வேண்டும். கரையாத சீனி பிறகு போத்தலில் கற்கண்டாக நிற்கும். அகலப் பாத்திரத்தில் பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டு, வெப்பமானி 104 அல்லது 105 பாகை காட்டும்போது இறக்குங்கள். வெப்பமானி சரியா என்று முதலில் வெறும் கொதிநீரில் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிநீரைவிட நாலரைப் பாகை கூட, அவ்வளவுதான் கணக்கு. குளிரூட்டியில் வைத்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளினால் சுருங்க வேண்டும்.

இந்த அளவுக்கு 250 மில்லிலீற்றர் போத்தல் ஆறு வரும். ஆறு போதாது, பன்னிரண்டாகக் காய்ச்சுவோம் என்று அளவை இரட்டிப்பாக்குவதுதான் வழக்கமான தவறு. நீர் வற்ற அதிக நேரமாகும், அந்த நேரத்தில் பெக்ரின் உடைந்துவிடும், கடைசியில் கிடைப்பது பாகு. இரண்டு தடவையாகக் காய்ச்சுங்கள்.

சூடான போத்தலில் மேலே அரைச் சென்ரிமீற்றர் இடம் விட்டு ஊற்றி, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள். மூடியைப் பிடிக்கும் வளையத்தை விரல் நுனியால் தடைப்படும்வரை திருகினால் போதும். பலம் கொண்டு இறுக்கினால் உள்ளேயிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் மூடி நெளிந்துவிடும். போத்தலுக்கு மேல் இரண்டரைச் சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்க, கொதிநிலையில் பத்து நிமிடம். அடுப்பை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். 24 மணித்தியாலம் தொடக்கூடாது. பிறகு மூடியின் நடு உள்ளே குழிந்திருக்க வேண்டும். அழுத்தினால் மேலே எழும்புகிற போத்தல் குளிரூட்டிக்கு. பழைய சங்கக் கைநூல்களில் உருக்கிய மெழுகு ஊற்றி மூடும் முறை இருக்கும். அதைச் செய்யாதீர்கள். மெழுகு சுருங்கி ஓரத்தில் விடும் இடைவெளியே பூஞ்சணத்துக்குப் போதும்.

வியாழன்: சென் ஜோர்ஜ்

ஹமில்ரனுக்கு மேற்கே, பிறன்ற்ஃபோர்ட் பக்கம் போகும் வழியில் சென் ஜோர்ஜ். புளூ லேக் றோட்டில் ஹூட்லெஸ் பிறந்த வீடு. தொலைபேசி கண்டுபிடித்த பெல்லின் வீட்டைப் பார்க்க பிறன்ற்ஃபோர்ட்டுக்குப் போகிறவர்கள் சற்றுத் திரும்பினால் இதையும் பார்க்கலாம். பலகை வேய்ந்த சாதாரண வீடு. சாதாரணமாக இருப்பதுதான் அதன் பெறுமதி. கனடிய மாதர் சங்கங்களின் தேசிய சம்மேளனம் 1959இல் வாங்கிப் பாதுகாக்கிறது.

1857 பெப்ரவரி 27இல் இங்கே பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். 1881இல் ஹமில்ரன் தளபாட வியாபாரி ஜோன் ஹூட்லெஸ்ஸை மணந்தார், நான்கு பிள்ளைகள். கடைசிக் குழந்தை 1889 கோடையில் வயிற்று நோயால் இறந்தது. கெட்ட பால்தான் காரணம் என்றும், அந்தத் துயரமே அவரை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அந்தக் கதையிலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது எனக்கு உடன்பாடில்லை. ஹூட்லெஸ் 1890களில் செய்ததைப் பாருங்கள்: ஹமில்ரன் வை.டபிள்யூ.சி.ஏ.யில் சமையல், சுகாதார வகுப்புகள். 1893இல் உருவான கனடிய தேசிய மாதர் பேரவையில் பங்கு. 1898இல் பாடசாலைகளுக்கான மனையியல் பாடநூல். அமைப்பு கட்டத் தெரிந்த பெண். கதை சொல்கிறவர்களுக்கு அழுத தாய்தான் வசதி.

ஆனால் பால் விஷயம் உண்மையிலேயே பயங்கரம். அந்நாளில் பால் திறந்த பாத்திரத்தில் வண்டியில் வரும், அகப்பையால் அள்ளி ஊற்றுவார்கள், கோடையில் ஈ மொய்க்கும். குழந்தைப் போத்தல்களில் ஒரு வகை நீண்ட இறப்பர் குழாயோடு வந்தது: தூக்கி வைத்திருக்காமலே குழந்தை உறிஞ்சலாம். குழாயின் உட்புறத்தை எந்தத் தூரிகையாலும் கழுவ முடியாது. பழம் பால் ஒட்டிக் கிருமி வளரும். தீர்வு கடினமானதல்ல: 63 பாகையில் முப்பது நிமிடம், அல்லது 72 பாகையில் பதினைந்து செக்கன், பிறகு விரைவாகக் குளிர்வித்தல். இதைச் சட்டமாக்க ஒன்ராறியோவுக்கு 1938வரை பிடித்தது. காய்ச்சினால் சத்துப் போகும் என்றவர்களும், செலவு என்று தடுத்த பாற்பண்ணையாளர்களும் இருந்தார்கள். மாதர் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருந்த கோரிக்கைகளில் இது ஒன்று. பாடசாலைப் பிள்ளைகளுக்கு மருத்துவ, பல் பரிசோதனை இன்னொன்று.

எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் இன்றைக்கும் பயன்படும். கிளை ஒரு தீர்மானம் எழுதும். அது மாவட்டத்துக்குப் போய் வாக்கெடுப்பில் தேறினால் அடுத்த படி, அதற்குப் பிறகு மாகாண மாநாடு. அங்கேயும் தேறினால் அமைச்சருக்குக் கடிதமாகப் போகும், பதில் வரும்வரை செயலாளர் விடமாட்டார். தீர்மானங்கள் நடுவழியில் சாவதற்குக் காரணங்கள் எப்போதும் ஒன்றேதான். ஒரே தாளில் இரண்டு கோரிக்கை வைத்தால் ஒன்றைப் பிடிக்காதவர் இரண்டையும் தோற்கடிப்பார். அதிகாரம் யாரிடம் என்று பார்க்காமல் மாகாணத்தின் விஷயத்தை மத்திய அரசிடம் கேட்டால் ஒரு வருடம் போய்விடும். 'ஆபத்தாக இருக்கிறது' என்று எழுதினால் யாரும் அசையமாட்டார்கள்; எந்தச் சந்தி, எத்தனை விபத்து, எந்தத் திகதி என்று பின்னிணைப்பு வேண்டும்.

பணம்? பெயர்ப் போர்வை. துணிச் சதுரங்களில் ஊரார் பெயரைப் பூவேலையாகத் தைப்பார்கள், ஒரு பெயருக்குப் பத்துச் சதம்போல வாங்குவார்கள். ஒரு போர்வையில் சில நூறு பெயர் பிடிக்கும். முடிந்ததும் அதையே சீட்டிழுப்பில் விட்டு இரண்டாம் முறையும் பணமாக்குவார்கள். அந்தப் போர்வைகள் இன்று ஊரின் பெயர்ப் பதிவேடாக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

வெள்ளி: குவெல்ப், ஈலோரா

குவெல்ப் பல்கலைக்கழகத்தில் மக்டொனால்ட் இன்ஸ்ரிரியூற் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். 1903இல் திறந்த மனையியல் கல்லூரி. பணம் கொடுத்தவர் புகையிலை முதலாளி வில்லியம் மக்டொனால்ட். புகைப்பழக்கத்தையே வெறுத்த மனிதர். அவரைப் பிடித்துச் சம்மதிக்க வைத்தவர் ஹூட்லெஸ். நீண்ட படிப்புக்கு வர முடியாத பண்ணைப் பெண்களுக்கு மூன்று மாதக் குறுகிய பாடநெறியும் இருந்தது. அங்கே படித்தவர்கள் கிராமக் கிளைகளுக்குச் செய்முறை விளக்கம் கொடுக்கப் போனார்கள். ஹூட்லெஸ் 1910 பெப்ரவரி 26இல் ரொறொன்ரோவில் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே விழுந்து இறந்தார். மறுநாள் அவருக்கு 53 வயது ஆகியிருக்கும்.

அவருக்குப் பிறகும் சங்கம் வெகுதூரம் போனது. பிரிட்டிஷ் கொலம்பியாக்காரர் மட்ஜ் வற் அதை அற்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோனார்; 1915இல் வேல்ஸ் நாட்டு அங்கில்ஸி தீவில் முதல் பிரித்தானியக் கிளை. 1919இல் கனடிய சம்மேளனம், முதல் தலைவி நீதவான் எமிலி மேர்ஃபி. 1933இல் ஸ்ரொக்ஹோமில் உலகக் கிராமியப் பெண்கள் சங்கம், தலைவி மட்ஜ் வற்.

குவெல்பிலிருந்து வடக்கே அரை மணித்தியாலத்தில் ஈலோரா. சனி, ஞாயிறில் வந்தால் வாகனம் நிறுத்த இடமில்லாமல் ஊரைச் சுற்றுவீர்கள். கிழமை நாளில் வாருங்கள். எல்லோரும் பள்ளத்தாக்குக்குப் போவார்கள். நீங்கள் பக்கத்து ஊரான ஃபேர்கஸுக்குப் போகும் வீதியில் வெலிங்ரன் மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1877இல் ஏழைகள் விடுதியாகத் திறந்த கல் கட்டடம். ஆவணக் காப்பகத்தில் 'ற்வீட்ஸ்மியூர்' புத்தகங்களைக் கேளுங்கள்.

கனடிய ஆளுநர் நாயகத்தின் மனைவி ற்வீட்ஸ்மியூர் சீமாட்டி, ஒவ்வொரு கிளையும் தன் ஊர் வரலாற்றை எழுதி வைக்கட்டும் என்று தூண்டியதால் 1940களில் வளர்ந்த பழக்கம் இது. கிளைக்கு ஒரு காப்பாளர், கனத்த அட்டைக்குள் பெரிய தாள்கள். காணித்துண்டு காணித்துண்டாக யார் முதலில் குடியேறினார், யாருக்கு விற்றார், பாடசாலை, தேவாலயம், ஆலை, போருக்குப் போனவர்கள், படங்கள், பத்திரிகைத் துண்டுகள். ஒரு பண்ணையைத் தேடுவதாக இருந்தால் குடும்பப் பெயரோடு நிற்காமல் காணி இலக்கத்தையும் ('லொட்') வரிசை இலக்கத்தையும் ('கன்செஷன்') கொண்டுபோங்கள். புத்தகம் அந்த ஒழுங்கில்தான் பெரும்பாலும் இருக்கும்.

ரொறொன்ரோவில் எங்கள் ஊர் ஒன்றியங்களும் பழைய மாணவர் சங்கங்களும் சிறப்பு மலர் வெளியிடுகின்றன. அவர்கள் இந்தப் புத்தகங்களின் நோய்களையும் பார்க்க வேண்டும். ஒட்டு நாடா பழுப்பாகிக் கழன்று எழுத்தையும் கொண்டுபோயிருக்கும். இறப்பர்ப் பசை தாளுக்குள் ஊறிக் கறையாகும். ஒட்டும் பிளாஸ்ரிக் அல்பத்தில் வைத்த படம் திரும்ப வராது. எல்லாவற்றிலும் மோசம், திகதியும் பத்திரிகைப் பெயரும் இல்லாமல் வெட்டிய துண்டு. அமிலமற்ற தாள், படத்துக்கு மூலைப் பிடிகள், பின்புறம் மென்பென்சிலால் பெயர், இடம், வருடம். இடமிருந்து வலமாக யார் யார் என்று. இவ்வளவும் சில பத்து டொலரோடு முடியும்.

ஈலோராவுக்கு வர இன்னொரு காரணம் உண்டு. 1873இல் இங்கே பிறந்தவர் மேரி இர்வின். ரொறொன்ரோவில் மருத்துவம் படித்து, யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண்களுக்கான மிஷன் வைத்தியசாலைக்கு என்று தெரிவானவர். வழியில், 1896இல், நியூயோர்க்கில் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்னம் என்ற யாழ்ப்பாணத் தமிழரை மணந்துகொண்டார். உள்ளூர்க்காரரை மணந்தவருக்கு மிஷன் வேலை கொடுக்க மறுத்தது. கொழும்பில் பெண்கள் வைத்தியசாலையிலும் பிறகு தனியாகவும் மருத்துவம் பார்த்தார். 1909இல் தொடங்கிய தமிழ் மாதர் சங்கம், 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம், பாடசாலைகளுக்கான சுகாதாரக் கைநூல் என்று டாக்டர் மேரி ரட்னத்தின் கை படாத இடம் குறைவு. 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதல் பெண்ணும் அவரே.

1930இல் அவர் தொடங்கிய லங்கா மகிளா சமிதி, கனடிய மாதர் சங்கத்தின் மாதிரியில் அமைந்தது. கிராமத்துக்கு ஒரு சமிதி, கூடிப் பேசிச் செய்து பழகும் முறை, குழந்தை நலம், சத்துணவு, வீட்டுத் தோட்டம், நெசவு. 1941இல் அதில் சேர்ந்து, காலப்போக்கில் தலைவியாகி, கிராமம் கிராமமாகப் போன ஒருவர் 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரானார்: சிறிமாவோ பண்டாரநாயக்க. மேரி ரட்னத்துக்கு 1958இல் மக்சேசே விருது கிடைத்தது, 1962இல் காலமானார்.

ஈலோராவுக்குப் போகிறவர்கள் காப்பகத்தில் இர்வின் குடும்பப் பெயரையும் கேட்டுப் பாருங்கள். முதல் நாளே மின்னஞ்சல் அனுப்பி வைத்தால் பெட்டியை எடுத்து வைத்திருப்பார்கள். பேனா உள்ளே கொண்டுபோக முடியாது, பென்சில் எடுத்துச் செல்லுங்கள்.